ஷியா பட்டர்: மரத்தடியிலிருந்து மேல்தோல் வரை ஒரு பாதுகாப்பு ஆய்வு

ஆப்பிரிக்க மரம் ஒன்றின் கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பான ஷியா பட்டரைத் தோலில் தடவலாமா? தடவலாம். இதற்கு விடை சொல்வது எளிது. எந்த ஷியா பட்டர் என்று கேட்டால்தான் சிக்கல். ஒரே மரத்துக் கொட்டையிலிருந்து வந்த இரண்டு டப்பாக்களின் மேலும் ‘100% இயற்கை, சுத்திகரிக்காதது’ என்றே அச்சிட்டிருக்கும். ஒன்றைத் திறந்தால் யானைத்தந்த நிறம், மெல்லிய பருப்பு வாசனை. தனிநிலைக் கொழுப்பு அமிலம், அதாவது கொழுப்பு உடைந்து தனியாகப் பிரிந்த அமிலம், 1 சதவீதத்துக்குள் இருக்கும். இன்னொன்றைத் திறந்ததும் அடுப்புப் புகை வாடையும் காறலும் மூக்கில் ஏறும். அமிலம் 5 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். இரண்டாவதைத் தடவிக் கன்னம் எரிந்தவர் மரத்தைத்தான் குறைசொல்வார். பழம் உதிர்ந்தபின் அந்தக் கொட்டை பட்ட பாட்டைப் பார்த்தால் எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். அதனால் இந்த ஆய்வு ஆப்பிரிக்காவின் மரத்தடியிலேயே தொடங்குகிறது.

கொட்டை வெண்ணெயாகும் வழி

விட்டெலாரியா பாரடாக்ஸா என்ற இந்த மரம் செனகலிலிருந்து உகாண்டா, எத்தியோப்பியா வரை சஹாராவுக்குத் தெற்கே நீளும் புல்வெளிப் பட்டையில் வளர்கிறது. பெரும்பாலும் யாரும் நட்டு வளர்ப்பதில்லை. வயல்களுக்கு நடுவே தானாக முளைத்ததை உழவர்கள் வெட்டாமல் விட்டுவைக்கிறார்கள். காய்ப்புக்கு வரவே 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். 1796-இல் நைஜர் ஆற்றங்கரை வரை போன ஸ்காட்லாந்துப் பயணி மங்கோ பார்க் இந்த வெண்ணெயைப் பற்றி எழுதினார். இன்றும் கிரீம் டப்பாக்களின் பொருட்பட்டியலில் ‘பியூட்டிரோஸ்பெர்மம் பார்க்கி’ என்று இருப்பது அவர் பெயரால்தான்.

மரத்தில் இரண்டு துணை இனங்கள் உண்டு. கானா, புர்கினா ஃபாசோ, மாலியிலிருந்து வருவது கெட்டியானது. உகாண்டா, தென் சூடான் பக்கத்து நைலோட்டிக்கா வகையில் ஒலியிக் அமிலம் கூடுதல் என்பதால் அது மிருதுவாக இருக்கும். கிழக்காப்பிரிக்க வகையை வாங்கிவிட்டு ‘இளகிப் போயிருக்கிறது, கலப்படம்’ என்று சண்டை போடுபவர்கள் உண்டு. அதன் இயல்பே அதுதான்.

மே மாதம் தொடங்கி மழைக்காலத்தில் பழங்கள் தாமாக உதிரும். பெண்கள் விடியற்காலையில் பொறுக்கிவந்து, சதையை நீக்கிக் கொட்டையை எடுக்கிறார்கள். தரம் கூடுவதும் குறைவதும் இங்கேதான் தொடங்குகிறது. பருப்புக்குள் லிப்பேஸ் என்ற நொதி இருக்கிறது. ஈரமான கொட்டையை நாள்கணக்கில் குவித்துவைத்தால் முளைவிடத் தொடங்கும். நொதி கொழுப்பை உடைத்துத் தனிநிலை அமிலங்களாக்கும். இதைத் தடுக்கத்தான் கொட்டையைச் சீக்கிரமே 30 முதல் 45 நிமிடம் தண்ணீரில் வேகவைக்கிறார்கள். அதன்பின் வெயிலில் காயவைத்து, ஓட்டை உடைத்து, பருப்பை ஈரம் 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை மறுபடி உலர்த்துகிறார்கள். மழை விடாத ஆண்டுகளில் வெயிலுக்குப் பதில் விறகுப் புகையில் உலர்த்துவதும் உண்டு. புகையில் இருக்கும், புற்றுநோய் அபாயமுள்ள பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் கொழுப்பில் நன்றாகக் கரையும். ஒருமுறை ஏறிவிட்டால் தண்ணீரில் கழுவிப் போக்க முடியாது.

உலர்ந்த பருப்பை நொறுக்கி, வறுத்து, அரைத்தால் சாக்லேட் நிறத்தில் ஒரு விழுது கிடைக்கும். அதை அகலமான தொட்டியில் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்துக் கையால் அடிப்பார்கள். சூடு அதிகமானால் கொழுப்பு பிரிந்து திரளாது. ஆறிப்போனால் விழுது இறுகி அடிக்கவே முடியாது. வெந்நீரும் குளிர்ந்த நீரும் மாற்றி மாற்றி ஊற்றிப் பதத்தைப் பிடிப்பது முழுக்கக் கைப்பழக்கம். அடிக்க அடிக்கப் பழுப்பு நிறம் வெளுத்து, சாம்பல் கலந்த வெள்ளை நுரையாகக் கொழுப்பு மேலே திரளும். அதை வழித்தெடுத்து, கழுவுநீர் தெளியும்வரை பலமுறை அலசி, நீர் முழுதும் வற்றும்வரை காய்ச்சி, வடிகட்டி, கிளறி ஆறவிடுகிறார்கள். காய்ச்சும்போது அவசரப்பட்டால் ஈரம் தங்கிவிடும். மிஞ்சிய ஈரம் கொழுப்பை மெதுவாக உடைத்துக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் கிடங்கில் இருந்தபின் டப்பாவைத் திறந்தால் பூஞ்சைகூட எட்டிப்பார்க்கும்.

உள்ளே இருப்பது

பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. அந்தக் கொழுப்பு அமிலங்களில் ஒலியிக்கும் ஸ்டியரிக்கும் மட்டுமே 85 முதல் 90 சதவீதம். மிச்சம் லினோலியிக், பால்மிட்டிக். இதுவரை தேங்காயெண்ணெய்க்கோ கோக்கோ பட்டருக்கோ மேலாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஷியாவின் தனித்தன்மை, காரம் சேர்த்தாலும் சோப்பாக மாறாத பகுதியில் இருக்கிறது. மற்ற தாவர எண்ணெய்களில் அது பெரும்பாலும் 1, 2 சதவீதம்தான். ஷியாவில் 5 முதல் 10 சதவீதம் வரை சாதாரணமாக வரும். அதில் பெரும்பங்கு ஆல்ஃபா அமிரின், லூபியால், பியூட்டிரோஸ்பெர்மால் போன்ற ட்ரைடெர்பீன் ஆல்கஹால்கள் சின்னமிக் அமிலத்தோடும் அசிட்டிக் அமிலத்தோடும் சேர்ந்த எஸ்டர்கள். ஆய்வகச் சோதனைகளிலும் விலங்குச் சோதனைகளிலும் இவை அழற்சியைக் குறைத்துக் காட்டியிருக்கின்றன.

வைட்டமின் இ விஷயத்தில் டப்பாவின் விளம்பர வரியை நம்ப வேண்டாம். பல நாட்டு ஷியாவை ஒப்பிட்ட 2004 ஆய்வில் மொத்த டோக்கோபெரால் (வைட்டமின் இ) ஒரு கிராமுக்கு 29 மைக்ரோகிராமிலிருந்து 805 மைக்ரோகிராம் வரை ஏறி இறங்கியது. வெப்பமும் வறட்சியும் மிகுந்த சாட் நாட்டு மாதிரிகளில் அதிகம் இருந்தது. ஆகவே ‘வைட்டமின் இ நிறைந்தது’ என்ற வரி ஒரு டப்பாவுக்கு உண்மையாகவும் பக்கத்து டப்பாவுக்குப் பொய்யாகவும் இருக்கலாம்.

பாதுகாப்புக் கோப்பு

அமெரிக்காவின் அழகுசாதன மூலப்பொருள் ஆய்வுக் குழு 2011-இல் 244 தாவரக் கொழுப்பெண்ணெய்களை ஒன்றாக எடுத்து ஆராய்ந்தது. அறிக்கை 2017-இல் நச்சியல் இதழில் வெளியானது. ஷியா அதில் அடக்கம். இப்போதைய பயன்பாட்டு முறையிலும் அளவிலும் பாதுகாப்பானவை என்பது முடிவு. கூடவே பூச்சிக்கொல்லி எச்சம், கன உலோகம், அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு போன்ற மாசுகளைக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்றும் அந்தக் குழு வலியுறுத்தியது. விளம்பரங்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகின்றன.

மாசு எவ்வளவு உடலுக்குள் போகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அறிவியல் குழு பாடி லோஷனுக்கு ஒரு நாள் அளவாக 7.82 கிராமை எடுத்துக்கொள்கிறது. கீழே செய்யப்போகும் நம் பாடி பட்டரில் ஷியா 70 சதவீதம் என்பதால் தோலுக்குப் போவது சுமார் 5.5 கிராம் ஷியா. சமையல் எண்ணெய்களுக்கு ஐரோப்பா வைத்திருக்கும் பென்சோபைரீன் (மேலே சொன்ன புகை மாசுகளில் ஒன்று) உச்சவரம்பு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம். அந்த வரம்புக்குள் இருக்கும் ஷியாவிலிருந்து நாளொன்றுக்கு அதிகபட்சம் 11 நானோகிராம் தோல்மேல் படும்; அத்தனையும் உள்ளே போவதுமில்லை. இதற்குக் கவலைப்படத் தேவையில்லை. புகையில் உலர்த்தி, கருகும்வரை வறுத்த பருப்பின் வெண்ணெயில் இந்த அளவு பல மடங்காகலாம். தினமும் உடல் முழுதும் பூசுபவர், குழந்தைக்குத் தடவுபவர் புகை வாடை வீசும் ஷியாவைத் தவிர்ப்பதே சரி. வாசனை நீக்கிச் சுத்திகரித்த ஷியாவை இளக்காரமாகப் பார்க்கும் வழக்கம் இங்கே தவறாகிறது. செயற்படுகரி வழியாகச் செலுத்திச் சுத்திகரிக்கும்போது இந்த மாசு பெருமளவு நீங்கும். டோக்கோபெரால் குறையும் என்பது மெய். ட்ரைடெர்பீன் எஸ்டர்கள் வெப்பம் தாங்குபவை. முகத்துக்கும் குழந்தைக்கும் நல்ல சுத்திகரிப்பு ஷியா, மோசமான சுத்திகரிக்காத ஷியாவைவிட எவ்வளவோ மேல்.

ஒவ்வாமை பற்றிய அச்சம் ‘கொட்டை’ என்பதால் வருவது. வேர்க்கடலை, மரக்கொட்டை ஒவ்வாமை உள்ளவர்களின் ரத்தச் சீரத்தைக் கொண்டு நடந்த 2011 ஆய்வில் ஷியா வெண்ணெயில் ஒவ்வாமைப் புரதம் கண்டறியும் அளவுக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில், ஒவ்வாமை எச்சரிக்கை அச்சிட வேண்டிய மரக்கொட்டைப் பட்டியலிலிருந்து ஷியாவை எடுத்துவிட்டது. ஆனாலும் கடையில் விற்கும் ஷியா கிரீமில் வாசனைப்பொருள், லானோலின் என்ற ஆட்டுரோமக் கொழுப்பு, பாதாம் எண்ணெய் எல்லாம் சேர்ந்திருக்கும். அரிப்பு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அவற்றைத்தான்.

புதுப் பொருளை எடுத்ததும் முகத்தில் பூசாமல், முன்கையின் உட்புறத்தில் 5 சென்டிமீட்டருக்கு 5 சென்டிமீட்டர் இடத்தில் காலையும் மாலையும் 7 நாள் தொடர்ந்து தடவிப் பாருங்கள். கழுவ வேண்டாம், மூட வேண்டாம். ஒரே இரவில் சோதித்து முடிவுக்கு வருவது போதாது. தாமதமாக வரும் தொடுவொவ்வாமை மூன்றாம், நான்காம் நாளுக்குப் பிறகும் தலைகாட்டும்.

தோலுக்கு என்ன கிடைக்கிறது

ஷியா தோலுக்கு நீரைத் தருவதில்லை. அதில் நீரே கிடையாது. மேல்தோலின் செதில்களுக்கு இடையே உள்ள வெடிப்புகளை நிரப்பி வழுவழுப்பாக்குவதும், உள்ளிருந்து ஆவியாகும் நீரை ஓரளவு தடுத்து நிறுத்துவதுமே அதன் வேலை. நீர் ஆவியாவதைத் தடுப்பதில் பெட்ரோலியம் ஜெல்லியை எந்தத் தாவர வெண்ணெயும் நெருங்க முடியாது. ஜெல்லி கிட்டத்தட்ட முழுமையாக அடைக்கும். தாவர எண்ணெய்கள் பொதுவாக 20, 30 சதவீத அளவில்தான் குறைக்கும். ஷியாவுக்குச் சாதகம் வேறிடத்தில்: 32 முதல் 38 டிகிரிக்குள் உருகுவதால் உடல் சூட்டிலேயே இளகிப் பரவும், பிசுபிசுப்பு குறைவு, தினமும் தடவச் சலிப்பு வராது. வறண்ட தோலுக்கு நாள்தோறும் விடாமல் தடவுவதைவிடப் பெரிய மருத்துவம் இல்லை.

ஆகவே எப்போது தடவுகிறோம் என்பது முக்கியம். குளித்துத் துவட்டிய மூன்று நிமிடத்துக்குள், ஈரப்பதம் இருக்கும்போதே தடவ வேண்டும். இரண்டு கைகளுக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். உள்ளங்கையில் தேய்த்து உருக்கி, ரோமம் படியும் திசையில் மெல்ல நீவ வேண்டும். எதிர்த்திசையில் அழுத்தித் தேய்த்தால் ரோமக்கால்கள் அடைபட்டுச் சிறு கொப்புளங்கள் வரும். பித்தவெடிப்புக்குக் கால்களை 15 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் துடைத்து, ஷியாவைக் கனமாகப் பூசிப் பருத்தி உறை போட்டுக்கொண்டு படுக்கலாம். ஒரு எச்சரிக்கை: எண்ணெய்ப் பசை ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். 2018-இல் பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தோலை மென்மையாக்கப் பூசும் எல்லாப் பசைகளுக்கும் (எமோலியன்ட்) இதே எச்சரிக்கையை விடுத்தது. அந்த உறையோடும் நைட்டியோடும் கேஸ் அடுப்பு, குத்துவிளக்கு அருகே போகக் கூடாது.

கரப்பான் என்ற தோல் அழற்சிக்கு (எக்ஸிமா) ஷியா மருந்தாகாது. அழற்சி தணிந்தபின் வறட்சி திரும்பாமல் காக்கத் துணை நிற்கும். ஷியா சேர்ந்த கிரீம்களை வைத்து நல்ல முடிவு காட்டிய ஆய்வுகளில் பெரும்பாலும் செராமைடு, கிளிசரின் எல்லாம் கூடவே இருந்தன. பலனை ஷியாவின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. கரப்பான் உள்ள பெரியவருக்கு வாரம் 500 கிராம் வரை பசை தேவைப்படும் என்பதையும் யோசிக்க வேண்டும். அந்த அளவுக்கு நல்ல ஷியா வாங்கினால் கைப்பணம் கரைந்துவிடும். உடம்புக்கு விலை குறைந்த வாசனையற்ற பசை, கை, முழங்கை, குதிகாலுக்கு ஷியா என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

வெயிலுக்கு ஷியா கவசமாகாது. சின்னமிக் எஸ்டர்கள் 250 முதல் 300 நானோமீட்டர் வரையுள்ள கதிரைக் கொஞ்சம் உறிஞ்சும், அவ்வளவே. கருமைக்குப் பெருங்காரணமான புற ஊதா ஏ கதிரை நிறுத்தாது. பிரசவத் தழும்பைத் தடுக்கும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லை. ஷியாவைப் போலவே கெட்டியான தாவரக் கொழுப்பான கோக்கோ பட்டரை வைத்து லெபனானிலும் ஜமைக்காவிலும் கர்ப்பிணிகளிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளில், அதைத் தடவியவர்களுக்கும் வெறும் லோஷன் தடவியவர்களுக்கும் வேறுபாடு வரவில்லை. வயிற்றுத் தோலின் அரிப்பு அடங்கும், அதற்காகத் தடவலாம்.

யார் விலக வேண்டும்

பொடுகும், மூக்கோரம், புருவத்தில் எண்ணெய்ச் செதிலும் உள்ளவர்களுக்கு ஷியா ஒத்துக்கொள்ளாது. மலசீசியா என்ற ஈஸ்ட் 11 முதல் 24 கார்பன் நீளமுள்ள கொழுப்பு அமிலங்களைத் தின்று பெருகும். ஷியாவின் அமிலங்கள் பெரும்பாலும் 18 கார்பன் நீளம். தலையில் பூசினால் பொடுகுக்குத் தீனி போட்டதாகிவிடும். முகப்பரு வரும் முகத்திலும் முழுதாகப் பூச வேண்டாம். ‘ரோமக்காலை அடைக்கும் மதிப்பெண்’ என்று வலையில் சுற்றும் பட்டியல்களின் வேர் முயல் காதில் நடந்த பழைய சோதனைகள். மனித முகத்துக்கு அவற்றை அப்படியே பொருத்த முடியாது. கன்னத்தின் ஒரு ஓரத்தில் மூன்று வாரம் தடவிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

நீர் வடியும் புண், சீழ், நெருப்புச் சுட்ட காயம் எதிலும் வைக்கக் கூடாது. லேட்டக்ஸ் கையுறை, ஆணுறை இரண்டையும் எண்ணெய் பலவீனமாக்கும்.

கைக்குழந்தையின் மூக்குக்குள் மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். 1979-இல் நைஜீரியாவில் ஷியாவுக்கு மூக்கடைப்பை நீக்கும் தன்மை உண்டா என்று ஆராய்ந்தார்கள். அதை மேற்கோள் காட்டி இன்றும் பலர் எழுதுகிறார்கள். நம் பக்கத்தில் குளிப்பாட்டும்போது குழந்தையின் மூக்கில் எண்ணெய் ஊதும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொழுப்பு நுரையீரலுக்குள் இறங்கினால் இருமலால் வெளியே தள்ள முடியாது. கொழுப்பு நிமோனியா வரும். அது உயிருக்கே ஆபத்து.

ஒரு பாடி பட்டர், அதில் வரும் பிழைகள்

100 கிராமுக்கு அளவு இது: ஷியா 70 கிராம், சூரியகாந்தி எண்ணெய் 20 கிராம், தேன்மெழுகு 5 கிராம், சோளமாவு 4.5 கிராம், வைட்டமின் இ எண்ணெய் 0.5 கிராம். மெழுகு எதற்கென்றால், சென்னை மே மாதத்தில் வெறும் ஷியா டப்பாவுக்குள்ளேயே எண்ணெயாகிவிடும். விலங்குப் பொருள் வேண்டாம் என்பவர்கள் கேண்டலில்லா மெழுகு போடலாம். அது கடினம் என்பதால் பாதியளவு போதும், குறைந்த எடைக்கு ஷியாவைக் கூட்டிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் தராசில் நிறுத்தே போட வேண்டும். ஸ்பூன் கணக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதத்தைத் தரும்.

ஷியா, மெழுகு, எண்ணெய் மூன்றையும் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில் உருக்கி, 75 டிகிரியில் 20 நிமிடம் வைத்திருக்க வேண்டும். உருகியதும் இறக்கிவிடுபவர்களுக்கே பெரும்பாலும் கரகரப்பு வருகிறது. ஷியாவின் கொழுப்புகள் ஒரே சூட்டில் உறைவதில்லை. இரு ஸ்டியரிக்கும் நடுவே ஒரு ஒலியிக்கும் சேர்ந்த மூலக்கூறுகள் முதலில் படிகமாகும். ஒலியிக் மிகுந்தவை கடைசிவரை திரவமாகவே நிற்கும். மெதுவாக ஆறினால் முதல் படிகங்கள் நிதானமாக வளர்ந்து மணல்போல விரலில் நெருடும். முழுக்க உருகாத நுண்படிகம் ஒன்றிரண்டு தங்கியிருந்தாலும் அவற்றைப் பற்றிக்கொண்டு புதியவை வளரும். அதனால்தான் அந்த 20 நிமிடம்.

சூடு 45 டிகிரிக்கு இறங்கியதும் வைட்டமின் இ-யையும் சலித்த சோளமாவையும் சேர்த்து, பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் இறக்கி, விளிம்பை வழித்துக்கொண்டே கிளறுங்கள். ஐஸ் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட உள்ளே தெறிக்கக் கூடாது. 26, 27 டிகிரியில் கலங்கி, தோசைமாவுப் பதத்துக்கு வரும். அப்போது எலெக்ட்ரிக் பீட்டரால் 5 நிமிடம் அடித்து, ஈரமில்லாத டப்பாவில் நிரப்பி, ஒரு நாள் ஃபிரிட்ஜில் வைத்தபின் வெளியே எடுக்கலாம். அடிக்கும்போது திரளாமல் நீர்த்தே இருந்தால் சூடு இன்னும் இறங்கவில்லை என்று பொருள். அடிப்பதை நிறுத்தி மறுபடி குளிர்வியுங்கள். கரகரப்பு வந்த பழைய டப்பாவைக் கொட்ட வேண்டாம். தோலுக்குக் கெடுதல் இல்லை. உருக்கித் திரும்பச் செய்தால் சரியாகும். சோளமாவு சேர்ந்திருப்பதால் மறுமுறை 75 டிகிரியில் அடிக்கடி கலக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் படியும்.

நீர் சேராததால் இதற்குப் பாக்டீரியாத் தடுப்பான் தேவையில்லை. ஈரக்கையை உள்ளே விட்டால் அந்தக் கணக்கு மாறிவிடும். சிறு கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். ரோஸ் வாட்டரோ கற்றாழைச் சாறோ சேர்த்து ‘லைட்’டாகச் செய்யும் குறிப்புகள் வலையில் ஏராளம். நீர் சேர்ந்த நொடியிலிருந்து அது வேறு பொருள்: நீரையும் எண்ணெயையும் பிரியாமல் சேர்க்கும் குழம்பாக்கியும் முறையான தடுப்பானும் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. வைட்டமின் இ காறலைத் தள்ளிப்போடும், கிருமியைக் கொல்லாது. எலுமிச்சை, நாரத்தை எண்ணெய் சேர்த்து வெயிலில் போனால் தோல் கருத்துக் கொப்பளிக்கலாம். வாசனை வேண்டுமென்றால் லாவெண்டர் 0.5 கிராம், குழந்தைக்கு அதுவும் வேண்டாம்.

விற்கப் போகிறீர்கள் என்றால் இந்தியாவின் 2020 அழகுசாதன விதிகளின்படி மாநில அதிகாரியிடம் உற்பத்தி உரிமம் வேண்டும். வீட்டுத் தொழில் என்பதால் விலக்கு கிடையாது.

வாங்கும்போது

பகுப்பாய்வுச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் பார்க்க வேண்டியவை தனிநிலைக் கொழுப்பு அமிலம் 1 சதவீதத்துக்குள், காறலைக் காட்டும் பெராக்சைடு எண் 10-க்குள், ஈரம் 0.05 சதவீதத்துக்குள் என்ற மூன்றும். சான்றிதழ் உங்கள் டப்பாவின் தொகுதி எண்ணுக்கே உரியதா என்றும் பாருங்கள். பலர் ஒரே பழைய தாளை எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். பளீரென்ற மஞ்சள் தரத்துக்கு அடையாளமில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் ஒருவகை வேரைச் சேர்த்து மஞ்சளாக்கும் வழக்கம் உண்டு. செம்பனை எண்ணெய் கலந்தாலும் அந்த நிறம் வரும். தந்த நிறமும் வெளிர் மஞ்சளுமே இயல்பு.

இலுப்பை ஷியாவுக்கு ஒரே குடும்பத்துச் சொந்தம் என்பதால் இலுப்பெண்ணெயையே பதிலுக்குத் தடவலாமா என்று கேட்கிறார்கள். வழுவழுப்புக்குத் தடவலாம். ஆனால் சோப்பாகாத பகுதி அதில் மிகவும் குறைவு, ஸ்டியரிக்கும் பாதிதான். மேலே சொன்ன அளவில் போட்டால் பட்டர் கெட்டியாகாது. கெட்டித்தன்மைக்கு உள்ளூரில் தேடினால் கொங்கணக் கரையின் கோகம் வெண்ணெய் பொருந்தும். அது 38 டிகிரிக்கு மேல்தான் உருகுவதால் ஷியாவில் 15 கிராமை எடுத்துவிட்டு அதைப் போட்டால் தேன்மெழுகை 2 கிராமாகக் குறைக்கலாம். மிச்சம் 3 கிராமைச் சூரியகாந்தி எண்ணெயில் கூட்டிக்கொள்ளுங்கள்.

செய்ததில் ஒரு சிறு டப்பாவை நாள் எழுதி, வெளிச்சம் படாத அலமாரியில் வைத்து மாதம் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். பழைய முறுக்கு டின்னின் வாடை வந்த அன்று அந்தத் தொகுதியைத் தோலில் போடுவதை நிறுத்திவிட வேண்டும்.